நாக்கில் மறையும் சர்க்கரை ரத்தத்தில் மறையுமா?

சிறுகுறிஞ்சான் இலை இரண்டைப் பறித்து நன்றாக மென்று துப்பிவிடுங்கள். அப்புறம் ஒரு கரண்டி சர்க்கரையை நாக்கில் வையுங்கள். மணலைப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். வெல்லம் மண்கட்டியாகத் தெரியும். ஜாங்கிரியைக் கடித்தால் எண்ணெய் ருசி மட்டும் மிஞ்சும். சிறு வயதில் எங்கள் வேலியோரக் கொடியில் பறித்து இதைச் செய்து பார்த்து வாயைப் பிளந்திருக்கிறோம். கொஞ்ச நேரம் போனால் நாக்கு பழையபடி ஆகிவிடும்.

சர்க்கரைக்கொல்லி என்று அந்தக் கொடிக்கு இன்னொரு பெயர் வந்தது இதனால்தான். இந்தியில் குட்மார் என்பார்கள், வெல்லத்தைக் கொல்வது என்று பொருள். ஊட்டியில் சின்கோனா ஆய்வுக்காக அரசு நியமித்திருந்த வேதியியலாளர் டேவிட் ஹூப்பர் 1887இல் இந்த இலையை ஆராய்ந்து, இனிப்பை மறைக்கும் பொருளைப் பிரித்து, ஜிம்னீமிக் அமிலம் என்று பெயரிட்டு எழுதினார். நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பிகளில் அது ஒட்டிக்கொண்டு சர்க்கரையை உணர விடாமல் செய்கிறது என்பது பிற்பாடு தெளிவானது.

நாக்குக்குத்தான் சர்க்கரை மறைந்தது. விழுங்கிய சர்க்கரை முழுசாக வயிற்றுக்குள் போயிருக்கிறது. அது ரத்தத்தில் சேர்வதை இந்த இலை தடுக்குமா என்பது வேறு கேள்வி, அதற்குத் தனியாகச் சான்று வேண்டும். சர்க்கரை நோய்க்கென்று விற்கும் பொடி, கேப்சூல், சாறு எல்லாவற்றிலும் இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றாகக் கலந்துபோய்க் கிடக்கின்றன. அதைப் பிரித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

இதில் ஓர் அவசரமும் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. அதன்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம், கிட்டத்தட்ட ஏழு பேரில் ஒருவர். இத்தனை வீடுகளிலும் யாராவது ஒருவர், "இந்தப் பொடியைச் சாப்பிட்டுப் பாருங்க, மாத்திரையே வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லப்பட்டது சித்தியிடம். அவர் பல வருஷமாக மெட்பார்மின், கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர். தெரிந்தவர் ஒருவர் கொடுத்த நாவல் கொட்டை, சிறுகுறிஞ்சான் கலந்த பொடியை மாத்திரையோடு சேர்த்துக் காலையிலும் இரவிலும் வெந்நீரில் குடித்து வந்தார். இரண்டாவது வாரம் ஒரு நாள் பதினொரு மணிக்குச் சமையலறையில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, அப்படியே உட்கார்ந்துவிட்டார். மெஷினில் பார்த்தால் 54. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துத் தெளிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "பார்த்தியா, பொடி வேலை செய்யுது."

வேலை செய்திருக்கலாம். அன்றைக்கு விரதம் என்று காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டதும் காரணமாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். எது என்று சொல்ல எங்களிடம் எந்தக் கணக்கும் இல்லை. எனக்கு அன்றைக்கு உறுத்தியது அதுதான். ஒரு செடிக்குச் சர்க்கரையைக் குறைக்கும் சக்தி உண்டென்றால் அது சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் சக்தி உள்ள ஒரு பொருளை எவ்வளவு, எந்த வடிவத்தில், எந்த மாத்திரையோடு என்று தெரியாமல் சாப்பிட முடியாது.

சரி, செடி எங்கே போய் எதைச் செய்கிறது? ஒரு கவளம் சோற்றை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள மாவுச்சத்தைச் சிறுகுடலில் நொதிகள் குளுக்கோஸாக உடைக்கின்றன. குளுக்கோஸ் குடல் சுவர் வழியாக ரத்தத்துக்கு வருகிறது. கணையம் இன்சுலினை விடுகிறது. இன்சுலின் தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் கதவைத் திறந்துவிட, குளுக்கோஸ் உள்ளே போகிறது. இன்னொரு வழியும் உண்டு: சாப்பிடாத நேரத்தில் கல்லீரல் தானே குளுக்கோஸ் தயாரித்து ரத்தத்துக்கு அனுப்பும். "ராத்திரி ஒண்ணுமே சாப்பிடலை, காலையில 180 எப்படி வந்தது?" என்று பலர் குழம்புவார்களே, அது கல்லீரலின் வேலை. இந்தப் பாதையில் எந்த இடத்தில் தடை போட்டாலும், எந்த இடத்தில் உதவி செய்தாலும் ரத்தச் சர்க்கரை மாறும். செடிகள் வெவ்வேறு இடங்களில் கைவைக்கின்றன.

வெந்தயத்திலிருந்து தொடங்குகிறேன், அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. வெந்தயத்தை ஊறவைத்தால் வழவழவென்று ஒரு பிசின் வருமே, அதில்தான் விஷயம் இருக்கிறது. விதையின் எடையில் ஏறக்குறைய பாதி நார்ச்சத்து. அதில் தண்ணீரில் கரைந்து கூழாகும் பகுதி, சாப்பாட்டோடு குடலில் கலந்து அதைக் கெட்டியாக்குகிறது. நொதிகள் மாவுச்சத்தை எட்டுவதும், உடைந்த குளுக்கோஸ் குடல் சுவரை எட்டுவதும் தாமதமாகின்றன. சாப்பிட்ட பிறகு சர்க்கரை சட்டென்று ஏறாமல் மெதுவாக ஏறுகிறது. மாயம் எதுவும் இல்லை, ரசத்தில் கொஞ்சம் மாவைக் கரைத்துவிட்டால் கெட்டியாகிற மாதிரிதான்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் செய்து 1990இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வகை, அதாவது உடலில் இன்சுலின் சுரப்பு நின்றுபோன, சர்க்கரை நோயாளிகளுக்குப் பத்து நாள் வெந்தயப் பொடி கொடுத்தார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை குறைந்தது. சிறுநீரில் வெளியேறும் சர்க்கரை 54 சதவீதம் குறைந்தது. அவர்கள் கொடுத்த அளவைக் கவனியுங்கள்: எண்ணெய் நீக்கிய வெந்தயப் பொடி, ஒரு நாளைக்கு 100 கிராம், மதியமும் இரவும் உணவோடு. நாம் சாம்பாரில் தாளிக்கும் வெந்தயம் ஒரு கிராம்கூட வராது. பிற்பாடு செய்த ஆய்வுகளில் அளவு குறைந்தது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 140 பேரை மூன்று வருஷம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2015இல் வந்தது. அவர்களில் ஒரு பகுதியினருக்குச் சாப்பாட்டுக்கு முன் 5 கிராம் வீதம் ஒரு நாளைக்கு இரண்டு வேளை வெந்தயப் பொடி. வெந்தயம் சாப்பிடாதவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு நாலு மடங்குக்குக் கொஞ்சம் மேல் என்று அதில் கண்டார்கள். சின்ன ஆய்வு, ஆனாலும் எனக்கு நம்பிக்கை தரும் ஆய்வு. அளவும் வீட்டில் சாத்தியமானது, சுமார் மூன்று தேக்கரண்டிதான்.

இப்போது கடையில் விற்கும் வெந்தயக் கேப்சூலை எடுத்துப் பாருங்கள். பலவற்றில் ஒன்றுக்கு 500 மில்லிகிராம். அந்த ஆய்வின் 10 கிராமுக்கு வரவேண்டுமென்றால் ஒரு நாளைக்கு இருபது கேப்சூல் விழுங்க வேண்டும். டப்பாவில் போட்டிருப்பதோ ஒன்று அல்லது இரண்டு. உடனே விற்பவர், "இது சாதாரணப் பொடி இல்லைங்க, சாரம்" என்பார். சாரம் என்றால் அதில் நார்ச்சத்து பெரும்பாலும் போய்விட்டது என்று அர்த்தம். வெந்தயத்தில் 4-ஹைட்ராக்சி ஐசோலியூசின் என்று ஓர் அமினோ அமிலம் இருக்கிறது, அது கணையத்தை இன்சுலின் விடத் தூண்டுவதாக ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். சாரத்தில் அந்த வகைப் பொருளைச் செறிவாக்கியிருக்கலாம். அப்படியானால் அது வேறு பொருள், வேறு வேலை, அதற்கு வேறு சோதனை வேண்டும். 100 கிராம் பொடியில் கிடைத்த பெயரை அரை கிராம் சாரத்தின் மேல் ஒட்டி விற்பது நியாயமில்லை. சப்ளிமென்ட் விளம்பரங்களில் அடிக்கடி நடப்பது இதுதான்.

நார்ச்சத்து பற்றிப் பேசும்போது இசப்கோலை விட்டுவிட முடியாது. மலச்சிக்கலுக்கென்று வீட்டில் வைத்திருக்கும் அந்த வெள்ளைத் தவிடுதான், குஜராத்தில் அதிகம் விளையும் பயிரின் விதைத்தோல். சர்க்கரைக்கு என்று அதை யாரும் பளபளப்பான டப்பாவில் போட்டு விற்பதில்லை. ஆனால் 35 சோதனைகளைச் சேர்த்து அலசி 2015இல் வெளியான ஆய்வில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் சாப்பாட்டுக்கு முன் தொடர்ந்து எடுத்தபோது, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி கிட்டத்தட்ட ஒரு புள்ளி குறைந்தது. சர்க்கரை சரியாக இருந்தவர்களிடம் அது எதையும் பெரிதாகக் குறைக்கவில்லை. எவ்வளவு கட்டுப்பாடு இல்லாமல் இருந்ததோ அவ்வளவுக்குப் பலன். பக்கவிளைவு என்று பார்த்தால் வயிறு கொஞ்சம் உப்பும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். நான் பார்த்தவரை, இந்தப் பட்டியலில் குறைந்த செலவில் அதிகம் சான்று உள்ளது இதுதான். பேசப்படுவது குறைவு என்பது எனக்கு ஆதங்கம்.

குடலிலேயே இன்னொரு இடத்தில் வேலை செய்வது கடலழிஞ்சில். பொன்குறண்டி என்றும் சொல்வார்கள். சித்த மருத்துவத்தில் மதுமேகத்துக்குக் கொடுக்கும் ஆவாரைக் குடிநீரில் ஆவாரை, கொன்றை, நாவல், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டையோடு இதுவும் சேரும். இலங்கையில் இதற்குச் சிங்களத்தில் கொத்தல ஹிம்புட்டு என்று பெயர். அந்த மரத்தில் குடைந்த குவளையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கும் பழக்கம் அங்கே உண்டு. 1990களின் பிற்பகுதியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதிலிருந்து சாலசினால் என்ற பொருளைப் பிரித்தார்கள். மாவுச்சத்தையும் சீனியையும் உடைக்கும் குடல் நொதிகளை அது தடுக்கிறது. நம் மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரைகள் செய்வதும் இதே வேலை. இலங்கையில் 51 நோயாளிகளுக்குக் கடலழிஞ்சில் கலந்த தேநீரையும் வெறும் தேநீரையும் மூன்று மூன்று மாதம் மாற்றி மாற்றிக் கொடுத்து, யார் எதைக் குடிக்கிறார்கள் என்பது மருத்துவருக்கும் தெரியாதபடி சோதித்தார்கள். ஹெச்பிஏ1சி குறைந்தது, ஆனால் கொஞ்சமாக. அரிசியைத் தட்டு நிறைய வைத்துச் சாப்பிடும் நமக்கு இந்த வழி பொருத்தமாகத்தான் தோன்றுகிறது. உடையாத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் புளிப்பதால் வாயுத் தொல்லை வரும். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: இந்த வகை மருந்து சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை தாழ்ந்துவிட்டால் சீனி கொடுத்தால் சீக்கிரம் ஏறாது, அதை உடைக்கும் நொதிதான் அடைபட்டிருக்கிறதே. குளுக்கோஸ் பொடிதான் கொடுக்க வேண்டும்.

கல்லீரல் பக்கம் போவோம். மரமஞ்சளில் பெர்பெரின் என்று மஞ்சள் நிறப் பொருள் ஒன்று இருக்கிறது. இப்போது உலகம் முழுக்கக் கேப்சூலாக விற்பனையாகிறது. ஷாங்காயில் புதிதாக நோய் கண்டுபிடிக்கப்பட்ட 36 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பெர்பெரின், மறு பாதிக்கு மெட்பார்மின், இரண்டும் 500 மில்லிகிராம் வீதம் மூன்று வேளை கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் பெர்பெரின் எடுத்தவர்களின் ஹெச்பிஏ1சி 9.5இலிருந்து 7.5க்கு வந்தது. மெட்பார்மினுக்கு இணை. 2008இல் வெளியான இந்த முடிவைத்தான் விளம்பரங்கள் பிடித்துக்கொண்டன. பதினெட்டுப் பதினெட்டுப் பேர், மூன்று மாதம் என்பதை அவை சொல்வதில்லை. கல்லீரல் பல மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றப் பயன்படுத்தும் நொதிகளைப் பெர்பெரின் மந்தமாக்குகிறது என்பதையும் சொல்வதில்லை. சிறுநீரகம் மாற்றியவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் ரத்தத்தில் கூடிப்போவதை இதனால் கண்டிருக்கிறார்கள். கர்ப்பிணிகள் இதை அறவே தொடக் கூடாது.

மெட்பார்மின் என்ற பெயர் வந்துவிட்டது, அதன் பிறப்பையும் சொல்லிவிடுகிறேன். அதுவும் ஒரு செடியிலிருந்து வந்ததுதான். ஐரோப்பாவில் காலேகா அஃபிசினாலிஸ் என்று ஒரு செடி, நீலமும் வெள்ளையுமாகப் பூக்கும். அதில் உள்ள காலெகின் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நச்சாகவும் இருந்தது. அதே குடும்ப வேதிப்பொருள்களை மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில் 1922இல் மெட்பார்மின் உருவானது. பாரிஸில் ஜான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து 1957இல் முடிவை வெளியிட்டார். அதன் உறவான பென்பார்மின் ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தைக் கூட்டி உயிரைக் குடித்ததால் 1970களில் பல நாடுகளில் விலக்கப்பட்டது. அமெரிக்கா மெட்பார்மினுக்கு அனுமதி தந்தது 1994இல்தான். ஆப்பிள் மரப் பட்டையிலும் இதே மாதிரி ஒரு கதை: 1835இல் அதிலிருந்து பிரித்த ப்ளோரிசின், சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றியது. அதைப் பின்தொடர்ந்து போனவர்கள்தான் இன்றைய டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளைச் செய்தார்கள்.

"மூலிகையா, இங்கிலீஷ் மருந்தா" என்று வீடுகளில் நடக்கும் சண்டை எனக்கு அர்த்தமில்லாததாகத் தோன்றுவது இதனால்தான். இரண்டுக்கும் மூலம் செடி. மாத்திரையாக மாறியபோது அதோடு சேர்ந்தது பல பத்தாண்டுக் கணக்கு: இவ்வளவு கொடுத்தால் இவ்வளவு குறையும், இன்னாருக்குக் கொடுக்கக் கூடாது, இந்த உறுப்பைக் கவனிக்க வேண்டும், இதைச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு குறைந்ததா என்பது வரைக்கும். பொடிக்கு அந்தக் கணக்கு இன்னும் எழுதப்படவில்லை. ஒரே கொடியில் மழைக்காலத்து இலைக்கும் கோடைக்காலத்து இலைக்கும் சரக்கு வேறு. அரைத்து ஒரு வருஷம் டப்பாவில் கிடந்ததும் புதுசும் ஒன்றில்லை.

சிறுகுறிஞ்சானுக்கே வருகிறேன். சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வாளர்கள் 1990இல், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த 22 பேருக்குச் சிறுகுறிஞ்சான் சாரம் 400 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் பார்த்தார்கள். பலருக்கு மாத்திரை அளவைக் குறைக்க முடிந்தது, ஐந்து பேருக்கு மாத்திரையே தேவைப்படவில்லை. கணையத்தில் இன்சுலின் சுரப்பு கூடியதற்கு அறிகுறியும் தெரிந்தது. கேட்கவே உற்சாகமாக இருக்கிறது. ஆனால் பொய் மருந்து, அதாவது பார்க்க மருந்து மாதிரி இருந்து உள்ளே மருந்தில்லாதது, கொடுத்து ஒப்பிடவில்லை, எண்ணிக்கையும் சிறிது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நம் ஊரில், நம் செடியில் கிடைத்த அந்தத் துப்பைப் பெரிய அளவில் சோதித்து முடிவாகச் சொல்லியிருக்க வேண்டாமா? இதைவிட ஒழுங்காகச் செய்த சோதனை கோவைக்காய்க் கொடிக்கு உண்டு. பெங்களூரில் புதிதாக நோய் கண்ட 60 பேருக்கு அதன் சாரம் ஒரு கிராமோ பொய் மருந்தோ 90 நாள் கொடுத்ததில், வெறும் வயிற்றுச் சர்க்கரை 16 சதவீதம் குறைந்தது. 2008இல் வெளியானது. வாரம் ஒரு நாள் பொரியல் செய்கிறோமே, அந்தக் கோவைக்காயின் கொடிதான்.

பாகற்காய்க்கு இவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை. கசப்பு இனிப்பைக் கொல்லும் என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. கடற்கரையிலும் பூங்கா வாசலிலும் அருகம்புல் சாற்றோடு பாகற்காய்ச் சாறும் டம்ளர் டம்ளராக விற்கிறது. அதில் சாரன்டின் உட்பட சர்க்கரையைக் குறைக்கும் பொருள்கள் இருப்பது ஆய்வகத்தில் தெரிந்ததுதான். ஆனால் மனிதர்களிடம் செய்த சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பு 2012இல், 479 பேர் கலந்துகொண்ட நான்கு சோதனைகளைப் பார்த்துவிட்டு, போதுமான சான்று இல்லை என்றது. தாய்லாந்தில் ஒரு நாளைக்கு 2 கிராம் வீதம் கொடுத்துப் பார்த்ததில் கொஞ்சம் குறைந்தது, மெட்பார்மினைவிடக் குறைவாக. பாகற்காயைக் கறியாகச் சாப்பிடுவதை நான் ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் காயை வைத்தால் அதுவே பலன். சாற்றில்தான் எச்சரிக்கை வேண்டும். 2010இல் டெல்லியில் ஒருவர் சுரைக்காய்ச் சாற்றைப் பாகற்காய்ச் சாற்றோடு கலந்து குடித்து இறந்துபோனார். சில சுரைக்காய்களில் குக்குர்பிடாசின் என்ற நச்சு கூடிக் கசக்கும். தனியாகக் குடித்தால் நாக்கு சொல்லிவிடும், துப்பிவிடலாம். பாகற்காயின் கசப்பில் அந்தக் கசப்பு தெரியாது. அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் குழு அமைத்து, கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று எச்சரித்தது.

பட்டையிலும் இப்படி ஒரு சிக்கல். பாகிஸ்தானில் 60 பேரிடம் செய்து 2003இல் வெளியான சோதனையில் ஒரு கிராம் முதல் ஆறு கிராம் வரை பட்டைத்தூள் கொடுத்து, சர்க்கரை 18 முதல் 29 சதவீதம் குறைந்ததாகச் சொன்னார்கள். அப்புறம் செய்த பல சோதனைகளில் அந்த அளவு பலன் வரவில்லை. மளிகைக் கடையில் பட்டை என்று கிடைப்பது பெரும்பாலும் தடித்த, கெட்டியான காசியா. அதில் கூமரின் உண்டு, தினமும் கரண்டிக் கணக்கில் சாப்பிட்டால் கல்லீரலைக் கெடுக்கலாம். மெல்லிய ஏடுகளாகச் சுருண்டிருக்கும் இலங்கைச் சுருள்பட்டையில் அது மிகக் குறைவு. பிரியாணிக்கு எதைப் போட்டாலும் ஒன்றுமில்லை, மருந்தாகத் தினமும் எடுக்கும்போதுதான் இந்த வித்தியாசம்.

இத்தனை ஆய்வுகளிலும் திரும்பத் திரும்ப வரும் குறை எண்ணிக்கையும் காலமும். இன்னொன்று, நம் சொந்த அனுபவத்திலேயே நம்மை ஏமாற்றும் விஷயம். ஒருவர் எப்போது பொடி வாங்கப் போகிறார்? சர்க்கரை 300 என்று ரிப்போர்ட் வந்த மறுநாள். அதே நாளில் பயந்துபோய்ச் சீனி போட்ட காபியை விடுகிறார், காலையில் நடக்கிறார், மறந்துபோன மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார். ஒரு மாதத்தில் 180க்கு வந்தால் பெயர் பொடிக்குப் போகிறது. உச்சத்தில் இருந்த எண் சும்மா விட்டாலும் கொஞ்சம் இறங்கும் என்பதும் உண்டு. பொய் மருந்தை வைத்து ஒப்பிட வேண்டும் என்று ஆய்வாளர்கள் அடம்பிடிப்பது இதற்காகத்தான்.

கலப்படம் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். 2008இல் சிங்கப்பூரில் சர்க்கரை நோயே இல்லாத ஆண்கள் ஒருவர்பின் ஒருவராகச் சர்க்கரை தாழ்ந்து மயங்கி மருத்துவமனைக்கு வந்தார்கள். சில மாதங்களில் 150 பேர். நான்கு பேர் இறந்தார்கள். ஆண்மைக்கென்று விற்ற கள்ள மாத்திரைகளில், மூலிகை என்று விற்றதும் அடக்கம், சர்க்கரை மருந்தான கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. கலிபோர்னியாவில் 2000ஆம் ஆண்டு திரும்பப் பெறச் சொன்ன சீன மூலிகைச் சர்க்கரை மருந்துகளில் அதே கிளிபென்கிளமைடும், முன்பே விலக்கிய பென்பார்மினும் இருந்தன. "ஒரே வாரத்தில் சர்க்கரை இறங்கிடுச்சு, அவ்வளவும் இயற்கை" என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான். நார்ச்சத்தோ கசப்போ ஒரு வாரத்தில் அப்படி இறக்காது. ஈயம், பாதரசம், ஆர்சனிக் கலப்பும் உண்டு. பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14இல் இவை இருந்ததாக 2004இல் வெளியிட்டார்கள்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. 1954இல் வந்த ஆட்சேபகரமான விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் சர்க்கரை நோயும் இருக்கிறது. அதைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணோடு சப்ளிமென்டாக வருவது உணவுப் பொருள், நோயைத் தீர்க்கும் என்று அதன்மேல் எழுத முடியாது. ஆயுஷ் உரிமத்தோடு வருவது மருந்து. டப்பாவைத் திருப்பிப் பார்த்து இரண்டு எண்ணும் இல்லையென்றால், வெறும் பொட்டலத்தில் கட்டிக் கொடுத்தது என்றால், உள்ளே என்ன இருக்கிறது என்பது கொடுத்தவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

இதற்குமேல் பொடி சாப்பிடத்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். இன்சுலின் போடுகிற முதல் வகை நோயாளி எந்தப் பொடியை நம்பியும் இன்சுலினை நிறுத்தக் கூடாது, சில நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளாசைடு வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு லோ சுகர் வரும் வாய்ப்பு ஏற்கெனவே உண்டு, அதன்மேல் இன்னொன்றைச் சேர்க்கும் முன் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். வெந்தயம், இசப்கோல் மாதிரி பிசுபிசுப்பானவற்றை மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல் சில மணி நேரம் தள்ளி எடுக்க வேண்டும், முக்கியமாகத் தைராய்டு மாத்திரை. கர்ப்பமாக இருப்பவர்கள், சிறுநீரகமோ கல்லீரலோ பழுதானவர்கள், ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்கள் விலகி நிற்பது நல்லது. ஒரே நேரத்தில் நாலு பொடியைத் தொடங்கினால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பலனைப் பார்க்க மெஷினின் ஒரு நாள் எண் போதாது. தொடங்கும் முன் ஒரு ஹெச்பிஏ1சி, மூன்று மாதம் கழித்து இன்னொன்று.

ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று நம் பாட்டிமார் சொன்னதைச் சித்தி இன்றைக்கும் சொல்வார். அந்த 54க்கு அப்புறம் அவரைச் சமாதானப்படுத்தி மருத்துவரிடம் கூட்டிப்போனேன், பொடி டப்பாவோடு. திட்டு விழும் என்று பயந்தார். அந்த டாக்டர் அம்மா திட்டவில்லை. டப்பாவை முகர்ந்து பார்த்து, யார் கொடுத்தது, எத்தனை கரண்டி, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா என்று கேட்டு அத்தனையையும் சீட்டில் எழுதினார். பொடியை நிறுத்தச் சொன்னார். காலைச் சாப்பாட்டைத் தவறவிட்டால் கிளிமிபிரைடையும் போட வேண்டாம் என்றார். வெந்தயம் வேண்டுமானால் சாப்பிடுங்கள், கரண்டி ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள், தேதி போட்டு எழுதி வையுங்கள் என்றார்.

சித்தியின் பால் கணக்கு நோட்டில் பின்பக்கத்திலிருந்து இப்போது அந்தக் கணக்கு ஓடுகிறது: வெந்தயம் ஒரு கரண்டி, நடை இருபது நிமிஷம், வெறும் வயிறு 142. அடுத்த ஹெச்பிஏ1சிக்குத் தேதி நவம்பரில்.